காவல்காரர் வீட்டுக்காரரையே பிடித்துவிட்டால்

(நமது அறக்கட்டளை அலுவலகத்தில் நடந்த மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில், அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதப்பட்டது.)

 

அல்ஹம்துலில்லாஹ், மழை விட்டிருக்கிறது. மஃரிபுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுகிறேன்.

வழக்கமாக நான் எழுந்து நின்றால் கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள் என்றைக்கு, உலமா நல வாரிய அட்டையை யார் யார் இன்னும் புதுப்பிக்கவில்லை என்றுதான் பேசுவேன். இன்றைக்குக் கம்ப்யூட்டர் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் ஹஜ்ரத் சிரித்துவிட்டார்கள். "உங்களுக்கும் அதுக்கும் என்ன பாய் சம்பந்தம்?" என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. போன இரண்டு மாதத்தில் மட்டும் மூன்று குடும்பத்தார் என்னிடம் வந்தார்கள். மூன்று பேரும் சொன்னது ஒரே கதை. ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டி ஒன்றைக் காட்டியது, பிள்ளை ஏதோ அமுக்கியது, அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் திறக்கவில்லை, கடையில் "ஃபார்மேட் பண்ணணும்" என்கிறார்கள். அதில் ஒரு லேப்டாப்பில் மூத்த பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து வருமானச் சான்றிதழ் வரை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். அசல் பத்திரமாக இருக்கிறது, இருந்தாலும் மறுபடி சேலம் போய், ஸ்கேன் எடுத்து, சைஸ் குறைத்து ஏற்றுவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும்.

அந்த மூன்று குடும்பத்துக்கும் நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நான் ஒரு தடவை சம்மதித்துவிட்டுப் பட்டவன்.

கொரோனாவுக்கு முந்தைய டிசம்பர், 2019. காபிப் பழம் பறிக்கிற சீசன். அலுவலகத்தில் அப்போது இருந்தது பழைய டேபிள் கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. ஒருநாள் ஆன்டிவைரஸ் "ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது" என்று சத்தம் போட்டது. அழிக்கவா என்று கேட்டது. அழி என்று அமுக்கியது வேறு யாருமல்ல, நான்தான். மறுநாள் காலையில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான் வந்தன. பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிருச்சு பாய், ஃபார்மேட் போட்டாத்தான் ஆகும். டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும், கவலைப்படாதீங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டி டிரைவில் இருந்தது அப்படியே இருந்தது. ஆனால் நம் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் பதிவேடு டி டிரைவில் இல்லை. முகப்புத் திரையிலேயே, டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தோம். டெஸ்க்டாப்பும் "மை டாகுமெண்ட்ஸ்" என்பதும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. சி டிரைவைத்தான் அவர் துடைத்தார். அறுநூறு ரூபாய் கூலியும் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன்.

அந்தப் பதிவேட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்கு இருந்தது. யார் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு கட்டினார்கள், எவ்வளவு பாக்கி. அது ஜமாஅத்தின் பணம், நம் கையில் இருந்த அமானிதம். ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல் கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. அதற்கு முந்தையதைக் கறையான் தின்றுவிட்டது. வீடு வீடாகப் போய், "நீங்க எவ்வளவு கட்டினீங்கம்மா?" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. கேட்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாகலூர் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிற ஒரு அம்மா, மஞ்சள் பைக்குள் எல்லா ரசீதையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் நூல் பிடித்த மாதிரி கணக்குச் சொன்னார்கள். செயலாளர் சொல்லவில்லை. இன்னொரு சகோதரர், "மூவாயிரம் பாக்கி இருக்கு பாய், நான்தான் தரணும்" என்று அவராகவே சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது. இருந்தும் நாலைந்து கணக்கு இன்றுவரை முழுசாக நேராகவில்லை.

இதில் எனக்கு வலிப்பது என்னவென்றால், அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் நம் பதிவேட்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. காணாமல் போனது விண்டோஸின் ஏதோ ஒரு கோப்பு மட்டும். அதை மட்டும் திரும்ப வைத்திருக்கலாம். எப்படி என்று சொல்வதற்கு முன்னால், ஆன்டிவைரஸ் ஏன் இப்படித் தப்பாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட் காவல்காரர் ஒருவரிடம் திருடர்களின் அடையாளப் பட்டியலைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இடது கன்னத்தில் மச்சம், நீலச் சட்டை, இடது காலை இழுத்து நடப்பான்." ஆன்டிவைரஸும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு அடையாளத்தைக் குறித்துப் பட்டியலாக அனுப்புகிறார்கள். ஒரு நாளில் பலமுறை புதுப்பட்டியல் வருகிறது. அதை நம் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு கோப்போடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒருநாள் பட்டியல் எழுதுகிறவர் அவசரத்தில் "நீலச் சட்டை" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டால்? நீலச் சட்டையோடு வந்த எஸ்டேட் ரைட்டரையே காவல்காரர் கட்டிப்போட்டுவிடுவார். ரைட்டர் இல்லாவிட்டால் அன்றைக்கு எடை போட ஆள் இல்லை, கூலி போட ஆள் இல்லை, எஸ்டேட்டே நின்றுபோகும்.

இது கற்பனை இல்லை. 2010ஆம் வருடம் ஏப்ரல் 21, புதன்கிழமை, நமக்கு மாலை நேரம். மெக்கஃபி என்ற பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனம் 5958 என்ற எண்ணுள்ள பட்டியலை அனுப்பியது. விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3 போட்ட கம்ப்யூட்டர்களில் எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸின் பல சேவைகளை ஓட்டுவது அதுதான், நெட்வொர்க் உட்பட. அந்தக் கோப்பையே வைரஸ் என்று அந்தப் பட்டியல் காட்டிக் கொடுத்தது. ஆன்டிவைரஸ் அதைத் தூக்கியது. கம்ப்யூட்டர்கள் தானாக அணைந்து, தானாகத் திறந்து, மறுபடி அணைந்தன. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில மருத்துவமனைகள் பலத்த காயத்தோடு வந்தவர்களை மட்டும் அவசரப் பிரிவில் சேர்த்துக்கொண்டன. கென்டக்கியில் போலீஸ் வண்டிகளில் இருந்த கம்ப்யூட்டர்களை அணைத்து வைக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் என்ற கடைகளில் பில் போடும் இயந்திரங்கள் நின்று, சில கடைகளையே மூடினார்கள். நிறுவனம் சில மணி நேரத்தில் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. சோதனை போதவில்லை என்று ஒப்புக்கொண்டது. வீட்டு வாடிக்கையாளர்கள் பழுதுக்குச் செலவழித்த நியாயமான தொகையைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது.

ஆனால் பட்டியலைத் திரும்பப் பெற்றால் போதுமா? போன கோப்பு போனதுதானே. நெட்வொர்க்கும் செத்துவிட்டதால் சரியான மருந்தை இணையம் வழியாக அனுப்பவும் முடியவில்லை. ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்து சரிசெய்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபார்மேட் இல்லை. எக்ஸ்பிக்குள்ளேயே முக்கியக் கோப்புகளின் நகலை வைத்திருக்கிற ஒரு மறைவான அறை உண்டு. டிஎல்எல்கேஷ் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து, அல்லது அதே விண்டோஸ் ஓடுகிற நல்ல கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவில் எடுத்துவந்து, அந்த ஒரு கோப்பைப் பழைய இடத்தில் வைத்தார்கள். திருத்திய பட்டியலையும் சேர்த்துப் போட்டார்கள், இல்லாவிட்டால் ஆன்டிவைரஸ் மறுபடி அதையே பிடிக்கும். கம்ப்யூட்டர் திறந்தது. உள்ளே இருந்த கணக்கு, கடிதம், புகைப்படம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2007 மே மாதம் சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன், சீன மொழி விண்டோஸில் இரண்டு முக்கியக் கோப்புகளைத் தூக்கியது. 2008 நவம்பரில் ஏவிஜி, யூசர்32 என்ற கோப்பை வைரஸ் என்றது. அதுவும் ஆங்கில விண்டோஸில் இல்லை, டச்சு, பிரெஞ்சு, இத்தாலியன் போன்ற மொழிப் பதிப்புகளில். ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற மொழிக்காரர்களுக்கு அப்படியே அனுப்பிவிடுகிறார்களோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நமக்குப் பக்கத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2024 ஜூலை 19. வெள்ளிக்கிழமை. காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றால் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள், விமானத்துக்குக் காத்திருந்து அல்லாடுவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அது பொய் எச்சரிக்கை வகை இல்லை, அதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே நல்ல கோப்பு காணாமல் போகவில்லை. கெட்டுப்போன ஒரு கோப்பு உள்ளே வந்துவிட்டது. மருந்தும் தலைகீழ்தான். சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டும், அவ்வளவுதான். இதையும் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்த்தான் செய்தார்கள். இரண்டு சம்பவத்துக்கும் ஒரு ஒட்டு உண்டு. 2010இல் மெக்கஃபியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமை அதிகாரி. மனிதருக்கு இரண்டு தடவை!

சரி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் அலுவலக லேப்டாப்பில் அதே சிவப்புப் பெட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை என் கை நடுங்கியது. நம் ஜமாஅத்தில் ஒரு சகோதரியின் மகள் சேலத்தில் பி.சி.ஏ. படிக்கிறாள். அவளுக்கு போன் போட்டேன். அவள் சொன்ன முதல் வார்த்தை: "மாமா, எதையும் அமுக்காதீங்க. திரையை போட்டோ எடுத்து அனுப்புங்க." அடுத்து நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அவள் அங்கே பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தப்பாகச் சொன்னால் திருத்துவாள்.

போட்டோ எதற்கு என்றால், அந்தப் பெட்டியில் இரண்டு விவரம் இருக்கும். எந்தக் கோப்பு, எந்த இடத்தில். பிறகு அதைக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு 2019இல் இருக்கவில்லை. கோப்பு இருக்கிற இடம் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32 என்று இருந்தால், அது விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே பெயர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ பென்டிரைவிலோ இருந்தால் உஷாராக வேண்டும். வைரஸ்காரர்கள் எஸ்விசிஹோஸ்ட் என்கிற அதே பெயரைத் தங்கள் கோப்புக்கு வைத்து வேறு இடத்தில் ஒளித்துவைப்பது வழக்கம். சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் என்று ஒரு இலவச இணையதளம் இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபதுக்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் வைரஸ் என்றால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. நாற்பது சொன்னால் அது நிஜம், விவாதமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அங்கே ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக் போன்ற சொந்தக் காகிதங்களை ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றுவதை வெளியார் பார்க்க முடியும்.

அடுத்தது, ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்தால் உடனே கொன்றுவிடுவதில்லை. முதலில் குவாரண்டைனில் வைக்கும். கொரோனா காலத்தில் நமக்கு நன்றாகப் பழகிப்போன சொல். பிடித்த கோப்பு தனி அறையில் அடைபட்டு உயிரோடுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் திறக்கிற நிலையில் இருந்தால், ஆன்டிவைரஸுக்குள் போய் குவாரண்டைன் என்ற பகுதியைத் திறந்து, ரீஸ்டோர் என்று கொடுத்தால் கோப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டராக இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி என்று இருக்கும். ஆனால் ரீஸ்டோர் கொடுப்பதற்கு முன்னால் ஆன்டிவைரஸை ஒருமுறை அப்டேட் செய்ய வேண்டும். நிறுவனத்தார் தங்கள் தப்பைத் திருத்தியிருந்தால் புதுப்பட்டியலில் அது சரியாகியிருக்கும். பழைய பட்டியலோடு வெளியே விட்டால் வாசலிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். நான் முதலில் அப்டேட் செய்யாமல் ரீஸ்டோர் கொடுத்தேன். மூன்று தடவை பிடித்தது. "மாமா, நான் என்ன சொன்னேன்?" என்றாள்.

குவாரண்டைனில் இல்லை, அழிந்தே போய்விட்டது என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் கிதாபில் சில நேரம் ஏடு விழுந்திருக்கும். முழுக் கிதாபையும் யாரும் தூக்கிப்போட மாட்டோம். பக்கத்தில் இருக்கிறவரின் கிதாபை வாங்கி, விழுந்த ஏட்டை மட்டும் எழுதிச் செருகிக்கொள்வோம். ஆனால் அதே அச்சுப் பதிப்பாக இருக்க வேண்டும். வேறு பதிப்பு என்றால் ஒரு பக்கம் முடிகிற இடமும் அடுத்த பக்கம் ஆரம்பிக்கிற இடமும் பொருந்தாது. விண்டோஸும் இப்படித்தான். இன்றைய விண்டோஸ் 10லும் 11லும் தன் கோப்புகளின் நல்ல நகலை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் அதுவே வைத்திருக்கிறது. அங்கிருந்து விழுந்த ஏட்டை எடுத்துச் செருகுகிற வேலைக்காரன் ஒருவன் உண்டு. சிஸ்டம் ஃபைல் செக்கர் என்று பெயர், சுருக்கமாக எஸ்எஃப்சி.

அதைக் கூப்பிடுவது எளிது. ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதில் ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருப்பதைத் தேர்ந்து திறக்க வேண்டும். சும்மா திறந்தால் வேலை செய்யாது. கறுப்புப் பெட்டியில் எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று தட்டி என்டர். அவ்வளவுதான். கால் மணியோ அரை மணியோ ஓடும். நடுவில் நின்றுவிட்ட மாதிரி தெரியும், மூடிவிடாதீர்கள். ஏற்காட்டில் இடி இடித்தால் கரண்ட் போகும் என்பது தெரியும்தானே, பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது ஆரம்பியுங்கள். முடிந்ததும் ஒரு வரி சொல்லும். குறை எதுவும் இல்லை, அல்லது குறை இருந்தது சரிசெய்துவிட்டேன், அல்லது குறை இருக்கிறது ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை. இந்த மூன்றாவது வந்தால் நகல் அறையே பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளை வேண்டும். அது மைக்ரோசாஃப்டிடமிருந்து இணையம் வழியாக நல்ல நகலை இறக்கி அறையைச் சரிசெய்யும். பிறகு மறுபடி எஸ்எஃப்சி. அந்தக் கட்டளை நீளமானது. ஒரு எழுத்து விட்டாலும் ஓடாது, வாயால் சொன்னால் நிற்காது. அதனால் பெரிய எழுத்தில் எழுதி வாசல் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்முக்கு நல்ல சிக்னல் வேண்டும். எஸ்டேட் லைனில் கிடைக்காது. ஒண்டிக்கடைப் பக்கம் வந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இங்கே அலுவலக வைஃபை இருக்கிறது.

இனி, கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை என்கிற நிலை. பயந்துவிட வேண்டாம். இரண்டு மூன்று தடவை திறக்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே ஒரு நீலத் திரையில் பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டும். டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு. அங்கே ஸ்டார்ட்டப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட், கமாண்ட் பிராம்ப்ட் எல்லாம் உண்டு. சிஸ்டம் ரீஸ்டோர் என்பது விண்டோஸின் கோப்புகளைப் போன வாரத்து நிலைக்குத் திருப்பும், உங்கள் போட்டோவையும் காகிதத்தையும் தொடாது. ஆனால் அந்த வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால்தான் உண்டு. இங்கிருந்தும் எஸ்எஃப்சி ஓட்டலாம். ஆனால் இங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், கூடுதலாகச் சில சொற்கள் தட்ட வேண்டும், எனவே தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். எதுவுமே கேட்காவிட்டால் "ரீசெட் திஸ் பிசி" என்று ஒன்று இருக்கிறது. அதில் "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தால் புரோகிராம்கள் போகும், உங்கள் காகிதங்கள் தங்கும். பக்கத்திலேயே "ரிமூவ் எவ்ரிதிங்" என்றும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பூட்டு இருக்கிறது, பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். இப்போது வாங்குகிற பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. பிட்லாக்கர் என்று பெயர். பழுதுநீக்கப் போனால் 48 இலக்க எண் கேட்கும். அது இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும், மைக்ரோசாஃப்டாலும்கூட உள்ளே போக முடியாது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது கடைக்காரப் பையனாக இருந்தால், எண் அவன் மெயிலில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

செய்யக்கூடாதது இரண்டு. "இந்த டிஎல்எல் கோப்பு இல்லை" என்று திரையில் வந்தால், அந்தப் பெயரைக் கூகுளில் தட்டினால் இலவசமாகத் தருகிறோம் என்று பல தளங்கள் வரும். அங்கிருந்து எடுக்காதீர்கள். யார் எழுதிய ஏடு, எந்தப் பதிப்பின் ஏடு என்று தெரியாமல் கிதாபில் செருகுவதா? அதற்குள்ளேயே வைரஸ் இருக்கலாம். இரண்டாவது, இது நம் தம்பிகளுக்கு. காசு கொடுக்காமல் மென்பொருள் போட கிராக் என்று ஒன்றை இறக்குகிறீர்கள். "இது பொய் எச்சரிக்கை, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடவும்" என்று அதோடு எழுதியிருக்கும். திருடன், "காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடு" என்கிறான். நான் இவ்வளவு நேரம் பேசியது ஆன்டிவைரஸ் வேண்டாம் என்பதற்காக இல்லை. நம் சென்னையிலேயே 1991 முதல் கே7 என்ற நிறுவனம் ஆன்டிவைரஸ் செய்கிறது, புனேயில் குயிக் ஹீல் இருக்கிறது, காசில்லாமல் டிஃபெண்டர் இருக்கிறது. ஏதாவது ஒன்று இருக்கட்டும். இரண்டு வேண்டாம், இரண்டு காவல்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது தப்பாகப் பிடித்தால் நிறுவனத்துக்கே எழுதிச் சொல்ல அதிலேயே வழி இருக்கும். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருக்கிறவர்கள் நம் அலுவலகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரமும் வரும். டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம், நம்மால் ஆகாது. கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஃபார்மேட் என்பது ஒரு மணி நேர வேலை, கோப்பைத் தேடுவது ஒரு நாள் வேலை, கூலியோ இரண்டுக்கும் ஒன்றுதான். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "முதல்ல சி டிரைவ்ல, டெஸ்க்டாப்ல, டாகுமெண்ட்ஸ்ல இருக்கிறதை வேற டிஸ்க்ல எடுத்து எனக்குத் திறந்து காட்டுங்க. அதுக்கப்புறம் ஃபார்மேட்." அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுங்கள். விண்டோஸ் திறக்காவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுக்க முடியும், பூட்டு எண் இருந்தால்.

நம் பைத்துல்மால் பதிவேடு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. லேப்டாப்பில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நகல் எடுக்கிற வெளி டிஸ்க் ஒன்று, அதைப் பொருளாளர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், லேப்டாப்போடு செருகியே வைப்பதில்லை. மாதக் கடைசியில் காகிதத்தில் அச்செடுத்து ஒன்று. கறையானுக்குப் பயந்து காகிதம் இரும்பு அலமாரியில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், இந்த மாதத்திலிருந்து சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளையும் அவளுடைய தோழி ஒருத்தியும் இங்கே இருப்பார்கள். விண்டோஸ் 11 பழுதுநீக்கும் பென்டிரைவ் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள், அந்த 48 இலக்க எண்ணையும் எழுதிக் கொண்டுவாருங்கள். கூலி கிடையாது. நாகலூர் அம்மா மஞ்சள் பையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய கணக்கில் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பதை இன்றைக்குத் திருப்பித் தருகிறோம். அம்மா, கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.